ஷாங்காயில் ஒரு கொலை, சில ஒற்றை அறைகள்

"கொலைகாரன் யாருன்னு பாதியிலயே தெரிஞ்சுடுது. அப்புறம் எதுக்கு மீதிப் பக்கமெல்லாம்?" சீனாவில் பிறந்த ச்சியூ ஷியாவ்லாங் ஆங்கிலத்தில் எழுதிய ‘டெத் ஆஃப் எ ரெட் ஹீரோயின்’ என்ற துப்பறியும் நாவலைப் படித்துவிட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

வேறு சில கருத்துகளும் வழக்கமாக வரும். "போலீஸ்காரன் எதுக்கெடுத்தாலும் கவிதை சொல்றான்." "எப்பப் பார்த்தாலும் சாப்பிட்டுக்கிட்டே இருக்காங்க." "சீனாக்காரங்க சீனாக்காரங்களுக்கே சீனாவை விளக்கிக்கிட்டு இருக்காங்க." எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த நாவலை எடுத்துக்கொண்டபோது இத்தனையும் வந்தன. மற்ற ஊர்களில் இதை வாசித்தவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். இந்தப் புகார்களில் ஒன்று முழுக்க நியாயமானது என்று நினைக்கிறேன். மற்றவை எல்லாம், துப்பறிதல் எங்கே நடக்கிறதோ அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ தேடுவதால் வருபவை. எனக்கு மிகவும் பிடித்த நாவல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடுகிறேன். கதையின் முடிவையும் தொட வேண்டியிருக்கிறது. முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

கதை 1990 மே 11 அன்று தொடங்குகிறது. ஷாங்காய்க்கு மேற்கே ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு கால்வாய். படகு கேப்டன் ஒருவரும் வெகுகாலம் கழித்துச் சந்திக்கும் அவருடைய பள்ளித் தோழரும் படகில் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக் பை தட்டுப்படுகிறது. உள்ளே ஓர் இளம்பெண்ணின் உடல். துப்பறிவாளர் யூ குவாங்மிங் அங்கே போகிறார். அவருடைய மேலதிகாரி, தலைமை இன்ஸ்பெக்டர் சென் சாவ், அன்று மாலை தன் புதிய வீட்டுக்கு நண்பர்களை விருந்துக்கு அழைத்திருக்கிறார்.

இறந்தவள் யார் என்று தெரியவந்ததும் வழக்கின் கனம் மாறிவிடுகிறது. குவான் ஹோங்யிங், நான்ஜிங் சாலையில் உள்ள ஷாங்காய் முதலாம் எண் பல்பொருள் அங்காடியில் அழகுசாதனப் பிரிவில் வேலை செய்தவள். தேசிய முன்மாதிரித் தொழிலாளி என்று கட்சி கொண்டாடிய பெண். செய்தித்தாளில் படம் வரும், கூட்டங்களில் மேடை ஏறுவாள், மற்றவர்கள் அவளைப் போல வாழ வேண்டும் என்று சொல்லப்படும். விசாரணை நகர நகர அது ஓர் ஆளிடம் போய் நிற்கிறது. அவன் பெயர் வூ ஷியாவ்மிங். கட்சிப் பத்திரிகை ஒன்றில் புகைப்படக்காரன், திருமணமானவன், கட்சியின் மூத்த தலைவர் ஒருவரின் மகன். உயர் பதவி ஒன்றுக்கு அவன் பெயர் அடிபட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது.

இது நடக்கும் தேதியை வாசகர்கள் பலர் சாதாரணமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். 1990 மே என்றால் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் ராணுவம் இறங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. 1989-ல் தெருவுக்கு வந்த மாணவர்களின் கோரிக்கைகளில் ஜனநாயகத்தோடு இன்னொன்றும் இருந்தது: தலைவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பதவியை வைத்துச் சேர்த்த பணத்தைக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது. அந்தக் கோபம் துப்பாக்கியால் அடக்கப்பட்ட கையோடு, அதே தலைவர்களில் ஒருவரின் மகன் மேல் கொலைப் பழி வருகிறது. அவனைப் பிடித்தால் ‘மாணவர்கள் சொன்னது உண்மைதான்’ என்றாகும். விட்டால் அதுவும் அதைத்தான் நிரூபிக்கும். காவல் துறைக்குள் இருக்கும் கட்சிச் செயலாளர் லீ, ஒவ்வொரு தடவையும் சென்னிடம் பேசும்போது அத்தனை அன்பாகவும் அத்தனை எச்சரிக்கையாகவும் பேசுவது இதனால்தான்.

சரி, கொலைகாரன் முன்பே தெரிந்துவிடுகிறது என்ற புகாருக்கு வருவோம்.

சீனத்தின் பழைய குற்றக்கதைகளுக்கு இது புதிதே இல்லை. டாங் வம்ச காலத்து (7–10 நூற்றாண்டுகள்) நீதிபதி டீயைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத யாரோ எழுதிய நாவலை, டச்சு ராஜதந்திரி ராபர்ட் வான் ஹூலிக் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1949-ல் வெளியிட்டார். அதன் முன்னுரையிலேயே அவர் இதைச் சொல்லிவிடுகிறார்: சீனக் குற்றக்கதைகளில் குற்றவாளி யார், அவன் ஏன் செய்தான் என்பதெல்லாம் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே வாசகருக்குத் தெரிந்திருக்கும். நீதிபதி அவனை எப்படி மடக்குகிறார் என்று பார்ப்பதில்தான் சுவை. கடைசியில் குற்றவாளிக்குக் கிடைக்கும் தண்டனையை விலாவாரியாக எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கால வாசகர்களுக்கு நிறைவு இருக்காது.

ச்சியூ ஷியாவ்லாங் இந்த இரண்டு அம்சங்களையும் எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தலைகீழாக்கிவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. இங்கேயும் குற்றவாளி முன்பே தெரிந்துவிடுகிறான். இங்கேயும் கடைசியில் மரண தண்டனை உண்டு. ஆனால் அந்தத் தண்டனை எந்த நிறைவையும் தருவதில்லை. அவசர அவசரமாக விசாரணை, உடனே சுட்டுக்கொல்கிறார்கள். செய்தித்தாள்கள் இந்தக் குற்றத்துக்கு மேற்கத்திய முதலாளித்துவச் சீரழிவுதான் காரணம் என்று எழுதுகின்றன. பழைய கதையில் தண்டனை வந்ததும் நியாயம் நடந்துவிட்டது என்று வாசகர் புத்தகத்தை மூடிவைப்பார். இங்கே தண்டனை வரும் வேகத்தைப் பார்த்த பிறகுதான் சந்தேகமே வருகிறது.

எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவோம். நாவல் மெதுவாகப் போகிறது என்று கல்லூரி மாணவன் ஒருவன் சொன்னபோது அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "தம்பி, யாரு செஞ்சான்னு தெரியறதெல்லாம் பல கேஸுல முதல் வாரத்துலயே முடிஞ்சுடும். அதுக்கப்புறம்தான் நிஜமான வேலை. யாரு போன் பண்றா, யாரு லீவுல போறா, எந்த ஃபைல் எந்த மேஜையில தங்குது. இந்த ஆளு அதைத்தான் எழுதியிருக்கான்." அந்த மாணவன் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. "அது சரி சார், ஆனா எனக்குப் பக்கத்தைத் திருப்பணும்னு தோணலையே" என்றான். அதுவும் உண்மையான அனுபவம்தான், மறுக்க முடியாது. ஒரு ராத்திரியில் முடிக்கிற மாத நாவல் வேகத்தை எதிர்பார்த்து இதற்குள் வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எனக்கு இந்த நாவல் விளங்கிய இடம் வேறு. அது வீடுகள்.

முதல் அத்தியாயங்களில் சென் தன் புதிய வீட்டைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போகிறான். அது ஒரு படுக்கையறை கொண்ட சின்னக் குடியிருப்பு. தனிச் சமையலிடம், தனிக் குளியலறை. முப்பதுகளின் நடுவில் இருக்கும், கல்யாணம் ஆகாத ஒருவனுக்கு அந்த ஊரில் அந்தக் காலத்தில் இது கிடைப்பது லேசான விஷயம் இல்லை. 1990-ல் ஷாங்காய் நகரத்தில் ஓர் ஆளுக்குச் சராசரியாகக் கிடைத்த வசிப்பிடம் ஏழு சதுர மீட்டருக்கும் குறைவு. வீட்டை விலைகொடுத்து வாங்கும் வழக்கம் அப்போது அநேகமாக இல்லை. வேலை செய்யும் அலுவலகமோ தொழிற்சாலையோதான் வீடு ஒதுக்கும். வீட்டுக் குழு என்று ஒன்று உட்கார்ந்து, யாருக்கு எத்தனை வருட சர்வீஸ், யாருக்குக் குழந்தை இருக்கிறது, யார் எத்தனை பேரோடு நெருக்கிப் படுக்கிறார்கள் என்று பார்த்துப் பட்டியல் போடும். அந்தப் பட்டியலில் வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். இந்த ஒதுக்கீட்டு முறையை அரசு 1998-ல்தான் முடிவுக்குக் கொண்டுவந்தது.

இப்போது யூவைப் பாருங்கள். வயதில் சென் சாவைவிட மூத்தவர், அனுபவசாலி, ஆனால் அவனுக்குக் கீழே வேலை செய்கிறவர். மனைவி பெய்சின், மகன் என்று மூன்று பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள். அதுவும் அவருடைய அப்பாவின் வீட்டில். அப்பாவும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர்தான், ‘கிழ வேட்டைக்காரர்’ என்று பட்டப்பெயர். யூவும் பெய்சினும் மாவோவின் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் (1966–76) தென்மேற்கே யுன்னான் மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். படித்த இளைஞர்கள் கிராமத்துக்குப் போய் விவசாயிகளிடம் கற்க வேண்டும் என்று 1968 கடைசியில் மாவோ அறிவித்ததைத் தொடர்ந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட நகரத்துப் பிள்ளைகள் அப்படிப் போனார்கள். எழுபதுகளின் இறுதியில் திரும்பிவந்தபோது அவர்களுக்கு நகரத்தில் இடம் இல்லை. வேலை இல்லை, வீடு இல்லை, படிக்க வேண்டிய வயதும் போய்விட்டது. சென்னோ பெய்ஜிங்கில் ஆங்கில இலக்கியம் படித்தவன். எண்பதுகளில் டெங் ஷியாவ்பிங் கொண்டுவந்த கொள்கை, வயது குறைந்த, படித்த ஆட்களை மேலே கொண்டுவரச் சொன்னது. அதனால்தான் கவிதை எழுதும் ஒருவன் அந்த வயதில் தலைமை இன்ஸ்பெக்டராக இருக்கிறான். யூவுக்கு முதலில் அவன்மேல் இருக்கும் கசப்பு தனிப்பட்ட பொறாமை மாதிரித் தெரியும். அதன் பின்னால் ஒரு தலைமுறையே இழந்த பத்து வருடம் இருக்கிறது.

இந்தக் கசப்பு கரைகிற இடத்தைத்தான் நாவலின் மிகச் சிறந்த பகுதி என்று சொல்வேன். யூவின் ஒற்றை அறைக்கு சென் சாப்பிட வருகிறான். பெய்சின் நண்டு விருந்து வைக்கிறாள். அவள் ஓர் உணவகத்தில் கணக்கு எழுதுகிறவள், ‘சிவப்பு மாடத்தின் கனவு’ என்ற பழைய சீன நாவலை மனதார நேசிக்கிறவள். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு நிறைவாக ஒருத்தி குடும்பம் நடத்துகிறாளே என்று சென் பார்க்கிறான். தன் மேலதிகாரிக்கு இருப்பது வீடு, தனக்கு இருப்பது குடும்பம் என்பதை யூவும் அன்று கவனிக்கிறார். அதற்குப் பிறகு இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். எங்கள் வட்டத்தில் வங்கியில் வேலை செய்யும் அக்கா ஒருவர் சொன்னார்: "மத்த எல்லாரையும் மறந்துடுவேன், பெய்சினை மறக்க மாட்டேன்." நானும் அப்படித்தான்.

மூன்றாவது அறை குவானுடையது. அங்காடி ஊழியர்களுக்கான விடுதியில் ஓர் அறை. சமையலிடம் பொது, கழிப்பிடம் பொது, நடைவழி முழுக்க அண்டை வீட்டுக் கண்கள். ஒருத்தி எத்தனை மணிக்குப் போனாள், கையில் என்ன இருந்தது, யாரிடம் சிரித்தாள் என்று யாராவது ஒருவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு முன்மாதிரித் தொழிலாளி, கல்யாணமான ஒருவனோடு ரகசியமாகப் பழகியிருக்கிறாள். அது வெளியே தெரியாமல் இருக்க அவள் என்னென்ன செய்திருக்க வேண்டும் என்பதுதான் விசாரணை. வேறு ஊர் நாவலாக இருந்தால் அவள் வீட்டுத் தொலைபேசிப் பதிவை வாங்கிப் பார்த்து நான்கு வரியில் முடித்திருப்பார்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் தொலைபேசி இல்லை. சந்து முனையில் பொதுத் தொலைபேசி இருக்கும், அதைக் கவனித்துக்கொள்ள வயதான ஒருவர் இருப்பார். அழைப்பு வந்தால் எண்ணைச் சீட்டில் குறித்துக்கொண்டு, அந்த வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்துவார். இறங்கி வந்து, வரிசையில் நின்று, பத்துப் பேர் காதில் விழப் பேச வேண்டும். ரகசியம் காக்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு அந்தத் தொலைபேசி எப்படி இருந்திருக்கும்! அந்த முதியவர் வைத்திருந்த சீட்டுகள்தான் விசாரணைக்குப் பாதை திறக்கின்றன. கைரேகையும் ஆய்வகமும் தராத துப்பை ஒரு சந்தின் வாழ்க்கை முறை தருகிறது. இதைச் சொல்ல ஆசிரியர் அந்தச் சந்தின் வாழ்க்கையைக் காட்டித்தான் ஆக வேண்டும், அதற்குப் பக்கங்கள் வேண்டும். ‘மெதுவாகப் போகிறது’ என்று சொல்லும் பக்கங்களில் பல இவைதான்.

சாப்பாட்டைப் பற்றிய புகாரும் இதே ரகம். உடற்கூறு ஆய்வில் குவானின் வயிற்றில் கேவியார் இருந்ததாகத் தெரிகிறது. மீன் முட்டைதான், ஆனால் 1990-ல் ஷாங்காயில் ஒரு கடை ஊழியர் தன் சம்பளத்தில் வாங்கிச் சாப்பிடும் பொருள் இல்லை. அதைச் சாப்பிடுகிறவர்கள் யார், அது எங்கே கிடைக்கும் என்று சென் கேட்கத் தொடங்குகிறான். ரஷ்ய உணவகம் நடத்தும் ஒரு நண்பன் அவனுக்கு இருப்பது இந்த நேரத்தில் உதவுகிறது. ஒருவர் தட்டில் என்ன இருக்கிறது என்பதை வைத்து அவர் எந்த வகுப்பு, யாரோடு பழகுகிறார், நாட்டின் புதுப் பணம் எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம் என்றால், சாப்பாட்டை எப்படி ஒதுக்கிவைப்பது? கதை நடக்கும் அதே 1990-ல்தான் ஷாங்காயில் புடோங் பகுதியை வெளிநாட்டு முதலீட்டுக்குத் திறந்துவிடும் அறிவிப்பு வருகிறது, ஆண்டு முடிவதற்குள் பங்குச் சந்தையும் தொடங்குகிறது. தனியார் உணவகம் வைத்தவர்கள் பணம் பார்க்க, அரசு ஊழியர்கள் பழைய சம்பளத்தில் நின்றுவிட்ட நேரம். விருந்துகளில் யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வந்தால் நாவலின் அரசியல் முழுவதும் தெரிந்துவிடும். சென்கூட நண்பர்களுக்கு விருந்து வைப்பது போலீஸ் சம்பளத்தில் இல்லை, மர்ம நாவல்களை மொழிபெயர்த்துக் கிடைக்கும் பணத்தில்.

கவிதைக்கு வருகிறேன். ஆசிரியர் அடிப்படையில் கவிஞர். 1953-ல் ஷாங்காயில் பிறந்தவர், கலாச்சாரப் புரட்சியில் அவருடைய அப்பா சின்ன வாசனைத் திரவியத் தொழிற்சாலை வைத்திருந்த குற்றத்துக்காக முதலாளி என்று முத்திரை குத்தப்பட்டவர். அப்பா கண் சிகிச்சைக்கு மருத்துவமனையில் கிடந்தபோது, அவர் தன்னைத்தானே கண்டித்து எழுத வேண்டிய வாக்குமூலத்தை மகன்தான் எழுதிக்கொடுத்தார். உடல்நலக் குறைவால் கிராமத்துக்குப் போகாமல் நகரத்திலேயே தங்கிவிட்ட பையன், ஆற்றங்கரைப் பூங்காவில் உட்கார்ந்து ஆங்கிலம் கற்றான். பிற்பாடு ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட்டைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். 1988-ல் எலியட் பிறந்த ஊரான, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்கு ஆய்வுக்காகப் போனார். அடுத்த ஆண்டு தியானன்மென். திரும்பிப் போக முடியாத நிலை வந்து அங்கேயே தங்கி, ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். 2000-ல் வந்த இந்த நாவல்தான் முதல் நாவல், அடுத்த ஆண்டு மர்மக் கதைகளுக்குத் தரப்படும் ஆந்தனி விருதை, சிறந்த முதல் நாவல் பிரிவில், பெற்றது. மாறிக்கொண்டிருந்த சீனாவைப் பற்றி எழுத நினைத்ததாகவும், அதற்குத் துப்பறியும் கதை வசதியாக அமைந்ததாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். போலீஸ்காரன் எந்தக் கதவையும் தட்டலாம், எந்த அறைக்குள்ளும் போகலாம் அல்லவா?

அதனால் சென் கவிதை சொல்வது ஆசிரியரின் ஆசையால் ஒட்டவைத்தது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டாங் காலத்தில் அரசுப் பணிக்கான தேர்விலேயே கவிதை எழுத வேண்டும். பாய் ஜூயியும், பிறகு சோங் காலத்தில் சூ டோங்போவும் கவிஞர்களாக இருந்துகொண்டே ஹாங்ஜோ நகரத்தை நிர்வகித்தவர்கள். கவிதை எழுதும் அதிகாரி என்பது அந்த மண்ணில் ஆயிரம் வருடப் பழக்கம். இன்னொன்று, நேராகச் சொன்னால் ஆபத்து என்கிற இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய வரியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கேட்டவருக்குப் புரியும், எழுதிவைத்தால் குற்றமாகாது. கட்சி அலுவலகத்துக்குள் சென் சொல்லும் வரிகளை இப்படிப் படித்தால் அவை வேறு மாதிரி ஒலிக்கும். பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு டாங் காலக் காதல் கவிஞர் லீ ஷாங்யின் நினைவுக்கு வருவதுதான் சில இடங்களில் சலிப்பு. அதில் எனக்கும் மறுப்பில்லை.

நியாயமான புகார் என்று முன்பே சொன்னேனே, அது விளக்கங்களைப் பற்றியது. ஷாங்காய்க்காரர்கள் இருவர் தங்களுக்குள் பேசும்போது சொல்லத் தேவையே இல்லாத விஷயங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். பழமொழி வந்தால் கூடவே பொருள் வருகிறது. ஒரு கொள்கையின் பெயர் வந்தால் அதன் வரலாறு ஒரு பத்தி. இது அமெரிக்க வாசகரை மனதில் வைத்து எழுதியது என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. உரையாடலின் உயிரே சில இடங்களில் போய்விடுகிறது. நமக்கு அந்த விளக்கங்கள் உதவத்தான் செய்கின்றன, ஆனால் உதவுகிறது என்பதற்காக அது நல்ல எழுத்து ஆகிவிடாது. கதைசொல்லி சொல்லியிருக்க வேண்டியதைப் பாத்திரங்களின் வாயில் திணித்திருக்கிறார்.

அதே சமயம், சீன வாசகர்கள் இந்த நாவலை எப்படிப் படிக்க நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சீன மொழிபெயர்ப்பில் ஷாங்காய் என்ற பெயரே இல்லை. ‘எச் நகரம்’ என்று மாற்றிவிட்டார்கள். தெருக்களின் பெயர்களும் போயின. இப்படி ஒரு கொலை ஷாங்காயில் நடந்ததாக அச்சில் இருக்கக் கூடாது. நான்ஜிங் சாலை, ஆற்றங்கரை, சந்துகள் என்று ஒவ்வொரு அடியையும் பெயர் சொல்லி எழுதிய நாவலுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு! தங்கள் ஊரைப் பற்றிய கதையில் தங்கள் ஊரின் பெயரைப் பார்க்க முடியாத வாசகர் சொல்லும் கருத்தையும், எல்லாவற்றையும் விளக்கத்தோடு படித்த வெளிநாட்டு வாசகர் சொல்லும் கருத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க முடியாது.

எங்கள் வட்டத்தில் மிக நீண்ட வாக்குவாதம் சென்னின் கடைசி முடிவைப் பற்றியது. வழக்கை மேலிடம் அமுக்கப்பார்க்கிறது. சென்னுக்கு ஒரே ஒரு வழி இருக்கிறது. பெய்ஜிங்கில் படித்த காலத்தில் அவன் நேசித்த லிங், கட்சியின் உச்சத்தில் இருக்கும் ஒருவரின் மகள். அவளுக்கு எழுதுகிறான். அவள் நகர்த்துகிறாள், வழக்கு நகர்கிறது. தலைவர் மகனைப் பிடிக்க இன்னொரு தலைவர் மகளின் செல்வாக்கு தேவைப்படுகிறது. "அப்படின்னா அவனும் அவங்களை மாதிரிதானே?" என்று கேட்டான் அதே மாணவன். சார் உடனே, "இல்லப்பா, அந்தக் கடுதாசி எழுதலன்னா செத்துப்போன அந்தப் பொண்ணுக்கு யாரு இருக்கா?" என்றார். அக்கா இரண்டு பேரையும் ஒத்துக்கொள்ளவில்லை. லிங்கின் மனதை அவன் பயன்படுத்திக்கொண்டான், அதைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று கேட்டார். எனக்கு மூன்றுமே சரியாகப் படுகின்றன. சென் நேர்மையானவன்தான், ஆனால் நேர்மைக்கு அந்த அமைப்பில் தனியாக ஒரு வாசல் கிடையாது. அதே கொல்லை வாசல் வழியாகத்தான் அவனும் போக வேண்டியிருக்கிறது. அது அவனுக்குத் தெரியும், அந்தத் தெரிதல் அவனை விடுவதும் இல்லை. வெற்றி பெற்ற துப்பறிவாளன் ஒருவன் இவ்வளவு சங்கடத்தோடு நிற்பதை நான் வேறு நாவல்களில் அதிகம் பார்த்ததில்லை.

குவானைப் பற்றி நாவல் போதுமான அளவு துக்கப்படவில்லை என்ற கருத்தும் எழுந்தது. அவள் பிணமாகத்தான் அறிமுகமாகிறாள், பிறகு மற்றவர்கள் வாயால்தான் வருகிறாள் என்பது சரிதான். ஆனால் நான் கவனித்த ஒன்று: அவளைக் கட்சி விளம்பரப் படமாக ஆக்கியது, வூ தன் கேமராவுக்குப் படமாக ஆக்கினான். இரண்டிலும் அவள் தன் விருப்பப்படி நிற்க முடியவில்லை. அவளை ஒரு மனுஷியாக, முப்பது தாண்டியும் தனியாக ஒரு விடுதி அறையில் இருந்தவளாக யோசித்துப் பார்ப்பவர்கள் நாவலில் சிலர்தான், அவர்களில் சென்னும் பெய்சினும் உண்டு. அவள் செய்த பிழைகளைப் பட்டியலிடாமல், அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று சென் கேட்டுக்கொள்ளும் பக்கங்களை இரண்டாம் முறை படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் வாசிப்பில் வழக்கு எங்கே போகிறது என்ற பரபரப்பில் இந்தப் பக்கங்களை வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன்.

இந்த நாவல் கொஞ்சமாவது பிடித்திருந்தால், வரிசையில் மூன்றாவதாக 2004-ல் வந்த ‘வென் ரெட் இஸ் பிளாக்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சென் விடுப்பில் இருக்கிறான், பணத்துக்காக ஒரு தொழிலதிபருக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டு. ஷாங்காய்ச் சந்துகளில் இருக்கும் பழைய கல்வாசல் வீடுகளின் (வாசல் சட்டம் கல்லால் ஆனவை) தோற்றத்தை அப்படியே வைத்து உள்ளே கடைகளும் உணவகங்களும் கட்டும் திட்டம் அது. வழக்கு யூவின் தலையில். கொலை நடப்பது அதே மாதிரி ஒரு பழைய கல்வாசல் வீட்டின் மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் ஓர் அறையில், சமையலறைக்கு மேலே வடக்குப் பார்த்து இருக்குமே, வெயில் காலத்தில் வேகும், குளிர்காலத்தில் உறையும், அப்படி ஓர் அறை. யூவுக்குக் கடைசியில் ஒரு வீடு ஒதுக்கப்பட்டு, கைக்கு வருவதற்குள் அதுவும் தட்டிப்போகிறது. பெய்சின் தன் பங்குக்கு விசாரணையில் இறங்குகிறாள். சென்னின் கவிதை அதிகம் என்று சொன்னவர்களுக்கும் அது பிடிக்கும் என்று நம்புகிறேன். அந்த மாணவனுக்கும் என் பிரதியைக் கொடுத்திருக்கிறேன்.